எழுந்து நின்ற கல்

அந்தக் கல்லின் மேல் குங்குமத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "அடடா, என்ன லட்சணம்!" என்பதுதான். வேலை போச்சு என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

ஆள் உயரக் கருங்கல். காலையில் பெய்த மழையில் நனைந்து கன்னங்கரேலென்று நின்றது. முகம் கிடையாது, கை கால் கிடையாது. நெற்றி என்று ஒன்று இருந்தால் அது எங்கே இருக்குமோ, சரியாக அங்கே, ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு பொட்டு. ஈரத்தில் பட்டதால் சிவப்பு மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்திருந்தது.

சுற்றிலும் இருபத்தேழு பேர், வெறுங்காலோடு, கைகூப்பிக்கொண்டு. ஓர் அம்மா கைப்பையைக் குடைந்து கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாகத் தீப்பெட்டி யாரிடமும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் எங்கள் மேலதிகாரி லிம் மேடம், வாயில் கை வைத்தபடி.

கேட்டுக்கு வெளியே நின்ற வருஷங்கள்

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக் கழித்தவள் நான். ஒரு சில்லுக்கு நாலு விநாடி. கீறல் இருந்தால் ரிஜெக்ட், இல்லாவிட்டால் பாஸ். ஒருநாள் எங்கள் லைனையே மூடிவிட்டு, எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்த இடம்தான் 'பெரிய வீடு'. அதற்கு வேறு முறையான பெயர் உண்டு. நாங்கள் குடியிருக்கும் சுங்கை பினாங் பிளாட்டில் அதற்கு வைத்த பெயர் இதுதான். ஈயச் சுரங்கத்தில் சம்பாதித்த ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, கட்டிய மாளிகை. இப்போது கீழ்த்தளத்தில் அந்தக் குடும்பம் புழங்கிய அறைகள், மாடியில் ஓவியங்கள், பின்தோட்டத்தில் பதினொரு சிற்பங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடக்கும்போது வருஷா வருஷம் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போவோம். கேட்டுக்கு எதிரே தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே நின்று மோர் குடித்திருக்கிறேன், காவடிக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறேன். உள்ளே போகலாம் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. யாரும் தடுக்கவில்லை. கேட் திறந்துதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

டிக்கெட் கவுண்டரில்தான் முதலில் உட்காரவைத்தார்கள். ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து மாடிக்கு ஏறினேன். மீன் கடை ஓவியம் ஒன்று. பெரிய ஓவியமெல்லாம் இல்லை, நம் வீட்டுக் காலண்டர் அளவுதான். தட்டில் நாலு மீன். நான் பழக்கதோஷத்தில் கிட்டே போய்க் கீறல் தேடினேன்.

மீனின் கண்ணில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. தூரிகையை ஒரு தடவை தொட்டு எடுத்த புள்ளி. அந்தப் புள்ளிதான் அந்த மீனை அன்று காலையில் பிடித்த மீனாக ஆக்கியிருந்தது. கட்டைவிரலால் அதை மறைத்துப் பார்த்தேன், தொடாமல்தான். மீன் சட்டென்று பழசாகிவிட்டது. விரலை எடுத்தேன், மறுபடி புதுசு. இருபத்திரண்டு வருஷமாகக் குறை கண்டுபிடிக்கவே பழகிய கண், முதல் தடவையாக வேறொன்றைக் கண்டுபிடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். "மீனு வாங்கிட்டு வருவன்னு பார்த்தா, மீனப் பார்த்துட்டு வந்திருக்க!"

பின்னால் ஒருநாள் லிம் மேடம், நான் ஒரு ஜெர்மன்காரருக்கு அந்தப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். லிம் மேடம்தான் அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஒல்லியான உருவம், நடை மட்டும் புயல். அடுத்த மாதமே என்னைக் கைடு ஆக்கிவிட்டார்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆங்கிலத்தில் டூர் உண்டு, மலாயில் உண்டு, சீனத்தில் உண்டு. தமிழில் கிடையாது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மேடம் ஒரே கேள்விதான் கேட்டார், "யார் வருவார்கள் மதி?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. கேட்டுக்கு வெளியே நம் ஆட்கள் நிற்பதை நான் கவுண்டரிலிருந்து பார்த்திருக்கிறேன். பலகையைப் படிப்பார்கள். கேட்டைப் பின்னால் வைத்துக் குடும்பத்தோடு படம் எடுப்பார்கள். "சரி வாங்க, மணியாச்சு" என்று போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவள்தானே!

நாலாவது தடவை மேடம் இறங்கிவந்தார். "ஒரே ஒரு ஞாயிறு. இருபது பேருக்குக் குறையக் கூடாது. எல்லாரும் கடைசிவரை இருக்க வேண்டும். புகார் எதுவும் வரக் கூடாது. நன்றாக நடந்தால் மாதம் ஒரு தமிழ் டூர். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது, ஓகே லா?"

ஓகே என்றேன். வெளியே வந்ததும் தனம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

தனம் அக்கா தாசேக் கெலுகோரில் பள்ளிக்கூட கேண்டீன் நடத்துபவர். என்னோடு ஒரு காலத்தில் தொழிற்சாலை பஸ்ஸில் வந்தவர். அவர் குரலுக்கு மைக் வேண்டாம். "நீ கவலப்படாத மதி. கோயில் மாதர் சங்கத்தையே ஏத்திட்டு வர்றேன். பஸ்ஸு நான் பாத்துக்கறேன் லா!"

சொன்னபடியே வந்தார். காலையில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, முதலில் தண்ணீர்மலையில் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து நேரே பெரிய வீடு. நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. இருபத்தேழு தலை. இரண்டு தடவை எண்ணினேன்.

கீழ்த்தளத்தில் தவுக்கே குடும்பத்துக் கட்டிலைக் காட்டினேன். "இத்தாம் பெரிய வீட்ட தெனமும் யாரு கூட்டுனா?" என்று ஓர் அம்மா கேட்டார். மூன்று வருஷமாகக் கைடு வேலை செய்கிறேன், என்னை யாரும் கேட்காத கேள்வி. "தெரியலம்மா" என்றேன். வெட்கமாக இருந்தது.

மாடியில் மீன் ஓவியத்தின் முன்னால் எல்லாரையும் நிறுத்தினேன். வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. தனம் அக்கா குனிந்து பார்த்தார்.

"கெம்போங் மீனு. காலைல புடிச்சது."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"கண்ணப் பாரேன்!"

எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஜெர்மன்காரருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

நானே கட்டிய கோயில்

இனி நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மாடி முழுக்கப் பழைய பலகைத் தரை. அதனால் எல்லாரும் முன்வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வேண்டும். வழக்கமாகத் திரும்பி வந்து போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவோம். அன்றைக்கு மழை விட்டு முன்வாசல் முழுக்கத் தண்ணீர். "பரவாயில்ல, இப்படியே பின்பக்கமா வாங்க, ஈரப் புல்லு, கால் குளிர்ந்தா நல்லதுதான்" என்று நானே வெறுங்காலோடு கூட்டிப்போனேன்.

கருங்கல் சிற்பம் தோட்டத்தின் நடுவில், தனியாக ஒரு மேடையில். தரையில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு காட்டும் வழியில் போனால் கல் நமக்கு இடக்கைப் பக்கம் வரும். எனக்கு அந்த அம்பு முதல் நாளிலிருந்தே ஆகாது. எதையும் இடமாகச் சுற்ற என் கால் வராது, என்ன செய்ய? யாரும் பார்க்காதபோது என் குழுக்களை எல்லாம் வலமாகத்தான் சுற்றவைப்பேன். வெள்ளைக்காரர்களையும்தான். சீனக் குழுவோடு இரண்டு தடவை நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கும் சொன்னேன், "வலமா சுத்தி வாங்க. பேசாதீங்க. அவசரமில்ல, மனசு நின்ன எடத்துல நில்லுங்க."

வெறுங்கால். ஈரம் சொட்டும் கருங்கல். வலம். மௌனம். இதற்குப் பிறகு தாசேக் கெலுகோர் கோயில் மாதர் சங்கம் வேறு என்னதான் செய்யும்? ஒவ்வொரு செங்கல்லாக நானே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஐயோ கோயில் கட்டிவிட்டார்களே என்று அலறினால் எப்படி?

மூன்றாவது சுற்றில் தனம் அக்கா நின்றார். வெகு நேரம் நின்றார். பிரசாதப் பையிலிருந்து குங்குமத்தை மோதிர விரலில் தொட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஜாங்கான் செந்து! ஜாங்கான் செந்து!" தொடாதே என்று கத்திக்கொண்டே காவலாளி ஓடிவந்தார். பின்னாலேயே குடையோடு லிம் மேடம். இருபத்தேழு பேரும் திருட்டுப் பட்டம் கட்டியது போல் ஒடுங்கிப்போனார்கள். அத்தனை பெரிய குரல் உடைய தனம் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"நீதான மதி சுத்தச் சொன்ன. சுத்துனேன். அது எழுந்து நின்னுச்சு. சத்தியமா என் கண்ணு முன்னால எழுந்து நின்னுச்சு. எழுந்து நிக்கிறவங்கள வெறும் நெத்தியோட விட்டுட்டுப் போறதா?"

அந்த நேரத்தில் அது எனக்கு உளறலாகத்தான் பட்டது.

லிம் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் பயந்தது இதுதான் மதி," என்றார். "நோ மோர்." அவ்வளவுதான். பஸ் கிளம்பியபோது எல்லாரும் கையசைத்தார்கள். தனம் அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

என் முதுகுக்குப் பின்னால்

மறுநாள் காலை சிற்பி வந்தார். பெயர் ரஹிம், ஐம்பதைத் தாண்டியவர், பத்து காவான் என்ற ஊரில் பட்டறை வைத்திருக்கிறார். மேடம்தான் வரச்சொல்லியிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. கல்லில் வழிந்திருந்த சிவப்பை மூக்கு படும் தூரத்தில் பார்த்தார்.

"யார் வைத்தது?" மலாயில்தான் பேசினார்.

"என் குழுவில் வந்த ஓர் அக்கா. தவறு என்னுடையதுதான்."

"ஏன் வைத்தார்?"

மேடம் பக்கத்தில் நின்றார். மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். "கல் எழுந்து நின்றது என்றார். எழுந்து நிற்பவரை வெறும் நெற்றியோடு விடக் கூடாது என்றார்."

ரஹிம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்தப் பக்கமாகச் சுற்றினார்கள்?"

அம்புக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். மேடத்தின் பார்வை என் முதுகைச் சுட்டது.

"நீ சுற்று," என்றார் அவர்.

சுற்றினேன். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மூன்று வருஷத்தில் அந்தக் கல்லை எத்தனையோ நூறு தடவை சுற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கைடு என்பவள் எப்போதும் குழுவைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னோக்கி நடப்பவள். கல் என்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால்தான்.

முதலில் வெட்டாத பக்கம். மலையிலிருந்து பெயர்த்தது அப்படியே, பொறுக்கு பொறுக்காக. கீழே குவிந்து கிடப்பது போலத்தான் தெரிந்தது. நாலடி நடந்தேன். உளித் தடங்கள் தொடங்கின, முதலில் ஆழமாக, போகப் போகச் சன்னமாக. கனம் முழுவதும் தரையிலிருந்து மெல்ல மேலே ஏறியது. இன்னும் நாலடி. முதுகு போன்ற ஒரு வளைவு நிமிர்ந்தது. நான் நடக்க நடக்க அது நிமிர்ந்தது. கடைசித் திருப்பத்தில் வழவழப்பான ஒரு சரிவு என் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனது. அது முடிந்த இடத்தில் தனம் அக்காவின் குங்குமம்.

என் எதிரே ஒருவர் எழுந்து நின்றார். முகமில்லை, ஆனால் நின்றார். ஓரடி பின்னால் வைத்துவிட்டேன். கைகள் தாமாகக் கூடின. சாமி என்றெல்லாம் இல்லை. ஒரு மனுஷன் தன் கையால் கல்லை எழுப்பியிருக்கிறான். அதன் முன்னால் சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"இந்தப் பக்கமாக நடந்தால் அது எழுந்திருக்கும்," என்றார் ரஹிம், அம்பைக் காலால் தட்டிக்கொண்டே. "அந்தப் பக்கமாக நடந்தால் விழும். இத்தனை வருஷமாக நீங்கள் எல்லாருக்கும் அது விழுவதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்."

லிம் மேடத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. "நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லையே!"

"திறப்பு விழா அன்றைக்குச் சொன்னேன். நீங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தீர்கள்."

அம்பு ஏன் அந்தப் பக்கம் போட்டார்கள் தெரியுமா? அப்படிச் சுற்றினால்தான் நேராக நினைவுப்பொருள் கடை வாசலில் கொண்டுபோய் விடும்.

நான் ஆசையோடு கேட்டேன், "அந்தக் கல் முன்னால் எங்கேயாவது கோயிலில் இருந்ததா?" பத்து காவானில் எஸ்டேட் காட்டைத் தள்ளியபோது கிடைத்த கல் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரஹிம் இல்லையென்று தலையை ஆட்டினார். "கோயிலா? லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்." சப்பென்று போய்விட்டது.

கிளம்பும்போது மேடத்திடம் இரண்டு விஷயம் சொன்னார். அம்பை மாற்ற வேண்டும். பொட்டை அழிக்க வேண்டும். "அந்த அக்கா பார்த்தது சரி. ஆனால் அடுத்து வருகிறவர் தானாகப் பார்க்க வேண்டும். பொட்டு இருந்தால் அது அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடும்."



பாஸ்

சுத்தம் செய்யும் வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேய்க்கக் கூடாது. சுத்திகரித்த தண்ணீரில் பஞ்சைத் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி தந்தார்கள். தொழிற்சாலைக்குப் பிறகு அப்போதுதான் மறுபடி அந்த உலகத்துக்குள் போனேன். கல்லுக்குள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மினுங்கும் மணிகள். நடுநடுவே குங்குமம். மூன்று காலைகள் ஆயின. கடைசியில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

நாலாம் நாள் லிம் மேடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு அவர் வலமாக ஒரு சுற்று சுற்றினார், மெதுவாக. புயல் நடை இல்லை. திரும்பி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேமராவில் பார்த்தேன் மதி. மற்றக் குழுக்கள் இதன் முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. உன் ஆட்கள் இருபது நிமிஷம் நின்றார்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "மாதத்தில் முதல் ஞாயிறு. குங்குமம் கவுண்டரில் விட்டுவிட்டு வர வேண்டும்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. இரண்டும்தான் என்று காவலாளி பின்னால் சொன்னார்.

"கல் முழுக்கச் சுத்தமாகிவிட்டதா? ரிப்போர்ட் எழுத வேண்டும்," என்று கேட்டார் மேடம்.

"கிளீன் மேடம்," என்றேன்.

லிம் மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் மிச்சத்தை எழுதுகிறேன். கல் முழுக்கச் சுத்தமாகவில்லை. இரண்டு வெள்ளை மணிகளுக்கு நடுவில், ஊசி முனையில் பாதிகூட இல்லாத ஒரு சிவப்பு இருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இன்னும் ஒரு தடவை ஒற்றியிருந்தால் வந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் தெரிந்தே ஒரு குறையையும் விட்டதில்லை நான். பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

தனம் அக்காவைத் திரும்ப வரவழைக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. "வேணாம் மதி, நான் வந்தாலே ஒனக்குக் கஷ்டம்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே போனார். கடைசியில் வந்தார். வெறும் பையோடு வந்தார். யாரோடும் பேசவில்லை. தோட்டத்தில், புது அம்பு காட்டிய வழியில், எல்லாருக்கும் கடைசியாகச் சுற்றினார். கல்லின் முன்னால் வந்து நின்றதும் அவர் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது.

"அழிச்சிட்டீங்களா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தோளைப் பிடித்து, கல்லில் படாமல் நிற்கவைத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காதில் சொன்னேன்.

அக்கா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அந்தப் பழைய குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"அடி பாவி மதி!"

பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்ன என்ன என்று நெருங்கினார்கள். காவலாளி எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல," என்றேன், "ஒவ்வொருத்தரா வந்து பாருங்க. கைய மட்டும் பின்னால கட்டிக்குங்க."